நேர்கோட்டுத் தூரம்

களியக்காவிளையில் என் டிக்கெட் கடைக்கு
இரண்டு நெட்வொர்க்.
வாசலில் நின்றால் தமிழ்நாடு.
பின்னால் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனால்
கேரளத்துக்கு நல்வரவு என்கிறது போன்.
ஒரு நாளில் முப்பது தடவை
வெளியூர்க்காரி ஆகிறேன்.

தாசையன் டிக்கெட் எடுக்க வரவில்லை.
எடுத்தாயிற்று, வேறெங்கோ, மலிவாக.
ரப்பர் பால் காய்ந்த விரலால் ஸ்கிரீனைத் தொட்டு
“ஹாலிஃபாக்ஸிலிருந்து திருவனந்தபுரம்
எவ்வளவு தூரமாக்கும்?” என்றார்.

பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது கிலோமீட்டர்.
நிற்காமல் பறந்தால் பதினைந்தேகால் மணி நேரம்.

“நிக்காம போற பிளேன் உண்டா?”

இல்லை.

“பின்ன எதுக்கு எழுதி வச்சிருக்கான்?”

எனக்கும் தெரியாது.
நான் பிளேனில் ஏறியதே இல்லை.
ஏற்றிவிட்டது மட்டும் நாலாயிரம் பேர் இருக்கும்.
யாருக்கு ஜன்னலோரம், யாருக்குக் கழிப்பறைப் பக்கம்,
யாருடைய பாஸ்போர்ட்டில்
தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பன் பெயர்,
அதெல்லாம் தெரியும்.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அவர் கணக்குப் போட்டார்.
ஜெஸிந்தா அங்கே நர்ஸ்,
போய் மூன்று வருஷம் இரண்டு மாதம்.
டொராண்டோவில் ஆறு மணி நேரம் உட்காரவேண்டும்,
தோஹாவில் ஐந்தரை.
பறப்பதும் இருப்பதும் சேர்த்து முப்பத்தொன்று.
செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு ஏறுகிறவள்
வியாழன் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்குகிறாள்.
கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டினார்.
“ஒன்பதரை மணிக்கூர் இடிக்குதே. யாரு எடுத்தா?”

போகும்போது அவள் கொண்டுபோனதுதான் என்றேன்.
அன்றைக்கு அவளுக்குப் பகல் நீண்டது,
இப்போது திருப்பிக் கட்டுகிறாள்.
வட்டியில்லாக் கடன் என்று சிரித்தார்.
பிரிண்டுக்குப் பத்து ரூபாய். தரவில்லை.

வியாழன்.
சொன்ன நேரத்துக்கு இறங்கிவிட்டாள்.
அன்றைக்குப் பார்த்துக் கேரளத்தில் ஹர்த்தால்.
பால் வண்டிக்காரன் ஒருவன் பாறசாலை வரை ஏற்றினான்.
அதற்கு மேல் மாட்டேன் என்றான்.
மிச்சம் ஆறு கிலோமீட்டர்.

தாசையன் பைக்கை என் கடை வாசலில் பூட்டினார்.
சக்கரம் உருண்டால் கல் விழுமென்று
செக்போஸ்டில் சொல்லியிருந்தார்கள்.
செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்,
வலமும் இடமும் பாராமல்,
பஸ் போகிற தடத்தின் நட்டநடுவில்.

கடையில் வேலை இல்லை.
‘புறப்படும் இடம்’ என்ற கட்டத்தில் களியக்காவிளை என்று அடித்தேன்.
‘சேரும் இடம்’: இஞ்சிவிளை.
அங்கே என் அக்கா இருக்கிறாள்.
ஆறு சென்ட் நிலத்துக்காகப் பேசாமல்
பதினொரு வருஷம்.
சக்கரம் சுற்றியது, சுற்றியது.
‘அருகில் விமான நிலையம் இல்லை.
வேறு இடம் தேர்ந்தெடுக்கவும்.’

பதினொன்று நாற்பதுக்கு வந்தார்கள்.
விமான நிலையத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்,
ஆறு மணி நேரத்துக்கும் மேலே.
சூட்கேஸின் ஒரு சக்கரம் கழன்று தாசையன் பாக்கெட்டில்.
அதன்மேல் மட்டும் யாரும் கல் எறியவில்லையாம்.
எங்கே சந்தித்தீர்கள் என்றதற்கு
இருவரும் வேறு வேறு இடம் சொன்னார்கள்.

ஜெஸிந்தாவின் வாட்ச் இன்னும் அந்த ஊர் ராத்திரியில் நின்றது.
ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.
வீங்கிய காலைப் பார்த்தபடியே
“வழியில ஒரு வீட்டுல வெள்ளம் தந்தாவ” என்றாள்.
“எங்க போறன்னு கேட்டாவ. சொன்னேன்.
அங்க ஒரு டிக்கெட் கடை இருக்குமே,
இப்பவும் உண்டான்னு கேட்டாவ.”

எந்த வீடு?

“ரோட்டோரம்தான். நீல கேட்டு.”

அக்கா வீட்டு கேட் பச்சை.
நான் பார்த்தபோது பச்சை.

இரும்பு கேட்டுக்குப் பெயின்ட்
எத்தனை வருஷம் தாங்கும் என்று
தாசையனிடம் கேட்டேன்.
அவர் பத்து ரூபாயைத் தேடிக்கொண்டிருந்தார்.